இரண்டாம் தோழியின் உடுப்பு

ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஹாரன் இருக்கிறதா இல்லையா என்று அந்த ஊரில் பலருக்குச் சந்தேகம். ஓட்டுகிற அம்மாள் அதை அடித்து யாரும் கேட்டதில்லை. முன்னால் தள்ளுவண்டி போனால் அதன் வேகத்துக்கே பின்னால் போவாள். நடுரோட்டில் இரண்டு பேர் நின்று வீட்டுக் கதை பேசினால், கதை முடியட்டும் என்று ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மருந்துக்கடைக்காரர் தினமும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வருவார். அவருக்காகக் கதவு திறந்தே இருக்கும்.

"உங்களுக்குக் கோவமே வராதா அக்கா?" என்று அவர் மூச்சிரைக்கக் கேட்பார்.

"வரும். வந்தா அடுத்த ஸ்டாப்பிங்ல எறக்கி விட்டுடுவேன்."

"யாரை?"

"கோவத்தைத்தான். உங்களையா எறக்க முடியும், மாசாந்திர பாஸ் வச்சிருக்கீங்களே."

ஊர் அவளுக்கு வைத்த பெயர் ஏழாம் நம்பரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் இந்த ஊர் நாக்குக்கு வளையவில்லை. இரண்டொருவர் முயன்று பார்த்துவிட்டு, நல்ல மனசோடு கைவிட்டார்கள். நல்ல மனசு அந்த ஊரில் ஏராளம். அதில்தான் அவள் பதினெட்டு வருஷமாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள்.

வந்தபோது பெரிய பெண்ணாகவும் இல்லை, சின்னப் பெண்ணாகவும் இல்லை. சண்டை நடக்கிற நாட்டிலிருந்து அம்மாவும் அவளுமாக வந்தார்கள். புறப்பட்டபோது மூன்று பேர். எல்லையில் அண்ணனை மட்டும் தனியாக நிறுத்திவிட்டார்கள். "முன்னால போங்க, வந்துடறேன்" என்று சொல்லி, போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி அவள் கையில் திணித்தான். கை நீளம் அதிகம், முழங்கைப் பக்கம் ஒரு இழை பிரிந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாள். அண்ணன் வரவில்லை. அவனைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. ஸ்வெட்டரில் அவன் வாசனை கொஞ்ச நாள் இருந்தது.

வந்த மாதமே அம்மாவுக்குப் பல்வலி. வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். மொழி தெரியாத ஊரில் பல்வலியை விளக்குவது மட்டும் சுலபம். யாரோ பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா ஒரு பைசா வாங்காமல் இரண்டு பல்லைப் பிடுங்கி, ஒன்றை அடைத்து, கன்னத்தைத் தடவிக்கொடுத்து அனுப்பினார். அம்மா சாகிற வரைக்கும் அந்த டாக்டரம்மாவின் கைகளைப் பற்றியே பேசினாள். "அவங்க கேட்டா மறுக்கக் கூடாதுடி" என்பது மகளுக்கு அவள் விட்டுப்போன கட்டளை.

டாக்டரம்மா கேட்கத்தான் செய்தார். அவர்தான் வரவேற்புக் குழுவின் தலைவி. வருஷா வருஷம் நகராட்சி மண்டபத்தில் வரவேற்பு நாள் நடக்கும். வெளிநாட்டிலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவர்களை, பிழைக்க வந்தவர்களை, ஊர்க்காரர்கள் இரண்டு வரிசையாக நின்று கை தட்டி உள்ளே அழைத்துப்போவார்கள். பாட்டு, ஆட்டம், விருந்து, நடுநடுவே பேச்சு. விருந்தினர்கள் அவரவர் நாட்டு உடுப்பில் வரவேண்டும் என்பது விதி.

முதல் வருஷம் அவள் பச்சை ஸ்வெட்டரோடு போய் நின்றாள். அதுதான் அவளிடம் இருந்த நாட்டு உடுப்பு. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மேடையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சைஸ் என்ன?" என்று கேட்டார். புரியாமல் விழித்தவளின் தோளை, இடுப்பைக் கையாலேயே அளந்தார். மேடைக்குப் பின்னால் பள்ளிக்கூட நாடகப் பெட்டி ஒன்று கிடந்தது. அதைத் திறந்து கிளறி ஒரு உடுப்பை எடுத்தார்.

சிவப்பு வெல்வெட். மார்பில் கண்ணாடிச் சில்லுகள். பாவாடை விளிம்பைச் சுற்றிக் குட்டி குட்டி மணிகள். தலைக்கு ஒரு கூம்புத் தொப்பி. எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும், எந்த மனுஷியும் உடுத்தியிராத உடுப்பு. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் ஒரு துணிச்சீட்டைத் தைத்து 'தோழி 2' என்று எழுதியிருந்தார்கள். ராஜா ராணி நாடகத்தில் ராணிக்குப் பின்னால் விசிறியோடு நிற்கிற இரண்டாவது பெண். அந்தச் சீட்டு அவள் பிடரியை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போது அவளுக்கு இந்த ஊர் எழுத்து படிக்கத் தெரியாது. படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு உறுத்தல் அதிகமாயிற்று.

"இந்தப் பழசை நான் பாத்துக்கறேன்" என்று டாக்டரம்மா ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டார். நிகழ்ச்சி முடிந்து அவள் திரும்பக் கேட்டாள். வார்த்தை இல்லாததால் தன் தோளைத் தொட்டு, கையை இழுத்துக் காட்டிக் கேட்டாள். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, குளிருதா கண்ணு?" என்று மறுநாளே புத்தம் புதிதாக ஒன்று வாங்கி, கடைச் சீட்டு கூடக் கிழிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். நீல நிறம். அளவெடுத்த மாதிரி அத்தனை சரியாக இருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

வாழ்க்கை அதன் பாட்டுக்குப் போயிற்று. ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். பிறகு பஸ் டிப்போவில் வண்டி கழுவினாள். கழுவிய வண்டியை ஓரமாக நகர்த்தி நிறுத்தச் சொன்னார்கள். நகர்த்தினாள். அப்படி நகர்த்தி நகர்த்தியே ஓட்டக் கற்றுக்கொண்டாள். டிப்போ மெக்கானிக் ஒருவர், ஊர்க்காரர், அவள் கழுவி வைத்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே அவளோடு பேசுவார். முகத்தைப் பார்க்காமல் பேசியதால்தான் தைரியம் வந்தது என்று பின்னால் சொன்னார். கல்யாணம் ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிறந்தாள். ஏழாம் நம்பர் பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் திரும்பும். மகள் சின்னவளாக இருந்தபோது ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் விரல் வைத்து, "நான் இங்கதான் வந்து எறங்கினேன்" என்பாள். பஸ் சிரிக்கும்.

இத்தனைக்கும் நடுவில் வருஷத்துக்கு ஒரு நாள், ஏழாம் நம்பரக்கா இந்த ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்துகொண்டே இருந்தாள். விருந்தினர்களை மண்டபத்துக்கு அழைத்துவரும் பஸ்ஸையும் அவளே ஓட்டுவாள். ஓட்டி வந்து நிறுத்தி, யூனிஃபார்மைக் கழிப்பறையில் கழற்றி வைத்துவிட்டு, மணி குலுங்க, கூம்புத் தொப்பியோடு வரிசைக்கு நடுவே நடப்பாள். காலையில் அவள் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களே இரண்டு பக்கமும் நின்று கை தட்டுவார்கள். மேடையில் டாக்டரம்மா மைக்கை நீட்டுவார். "எங்க ஊர் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

கை தட்டல் கூரையைப் பிளக்கும். வரிசையில் நின்று தட்டுகிறவர்களில் அவள் புருஷனும் ஒருவர். "உங்க ஊர் டிரெஸ்ல நீ ராணி மாதிரி இருக்கே" என்பார் வீட்டுக்கு வந்து. அப்பாவி மனுஷன். ராணி இல்லை, ராணிக்குப் பின்னால் நிற்கிறவள் என்று அவருக்குச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

உடுப்புக்கு விளக்கமும் வளர்ந்துகொண்டே போயிற்று. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவருக்குக் கனமான குரல், தாராளமான கற்பனை. ஒரு வருஷம், "இந்த மணிகள் அவர்கள் நாட்டு மலையருவிகளைக் குறிக்கின்றன" என்றார். அடுத்த வருஷம் கண்ணாடிச் சில்லுகள் எதிரியின் கண்ணைக் கூசவைப்பதற்காக என்றார். அவள் நாட்டில் மலையே கிடையாது. தரை தட்டையாகக் கிடக்கும், அதனால்தான் டாங்கிகள் அவ்வளவு வேகமாக வந்தன.

அவள் வந்த பதினெட்டாம் வருஷம் அவள் நாட்டில் மறுபடி சண்டை மூண்டது. பல குடும்பங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன. அவள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியிலும் சில குடும்பங்கள், அவர்களில் ஒரு தம்பதி. புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், இங்கே கோடவுனில் மூட்டை அடுக்குகிறான். பெண்டாட்டி சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறாள். மாடிவீட்டுக்காரிக்கு நாக்கு நீளம். அவளோடு தன் மொழியில் பேசும்போது ஏழாம் நம்பரக்காவுக்குப் பல வருஷத்துத் தூசி தொண்டையிலிருந்து இறங்கியது போல இருந்தது.

வரவேற்பு நாளுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மாடிவீட்டுக்காரி ஒரு பொட்டலத்தோடு கீழே இறங்கி வந்தாள். பிரித்துக் கட்டிலில் போட்டாள். சிவப்பு வெல்வெட். கண்ணாடி. மணி.

"குழுவுல இருந்து கொடுத்துட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு. அவருக்குப் பாவாடை இல்ல, அந்த மட்டுக்கும் பிழைச்சோம். இது எந்த ஊர்க்காரங்க டிரெஸ் அக்கா?"

அக்கா கழுத்துப் பட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"நம்ம ஊரோடதுன்னு சொல்றாங்க. சொன்னவங்க அவ்வளவு உறுதியாச் சொல்றாங்க, எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இருந்திருக்குமோன்னு." சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். எதிர்ச்சுவரில் போன வருஷத்து வரவேற்பு நாள் சுவரொட்டி இருந்தது. மகள் ஒட்டி வைத்தது. அதில் அதே உடுப்பில், அதே தொப்பியில், ஏழாம் நம்பரக்கா. மாடிவீட்டுக்காரி சுவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"உன்னைப் பாத்துத்தான் தச்சிருக்காங்களா?"

"ஆமா."

"எல்லாருக்குமா?"

"போல இருக்கு."

"நான் நைட்டியோட ஓடி வந்தவ அக்கா. எங்க ஊர் டிரெஸ்லதான் வரணும்னா அதைப் போட்டுக்கிட்டு வரவா? முட்டியில ரத்தக்கறை கூட அப்படியே இருக்கு, சலவைக்கூடத்துல வேலை பாத்தும் போகல." தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். "இத்தனை வருஷமா நீ எதுவும் சொல்லலையா?"

அவள் போன பிறகு வெகுநேரம் அக்கா அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் ஒருத்தி போட்டுக்கொண்டால் அது தன்னோடு போய்விடும் என்று நினைத்திருந்தாள். அது ஒரு நாட்டுக்கே உடுப்பாகிவிட்டது.

அதோடு போகவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு வயசு. "அம்மா, இந்த வருஷம் விருந்தாளிங்க வரிசைக்கு நான்தான் முன்னால நடக்கணுமாம்! டாக்டரம்மா டீச்சர்கிட்ட சொல்லிட்டாங்க. எனக்கும் டிரெஸ் தச்சாச்சு!"

விருந்தாளி. பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அப்பன், பாட்டன் எல்லாம் இதே ஊர். இவளுக்கும் வரவேற்பு. தனக்கு நடந்தபோது அதை அவமானம் என்று அவள் பெயர் வைத்ததில்லை. பல்வலிக்குக் கொடுக்கிற விலை என்று வைத்திருந்தாள். மகள் அந்தத் தொப்பியோடு நடக்கிற காட்சி கண்ணுக்குள் வந்ததும் பெயர் தானாக வந்தது. இது நடக்கக் கூடாது.

மறுநாள் பணி முடிந்து நேரே டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனாள். வார்த்தைகளை வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள்.

"டாக்டரம்மா, அந்த டிரெஸ்ஸைப் பத்திக் கொஞ்சம்..."

"சைஸ் சரியில்லையா? யாருக்கு?"

"சைஸ் இல்லைங்க. அந்த டிரெஸ்ஸே வந்து..."

"இரு இரு. பேசும்போது பாத்தேன், கடைவாய்ல கறுப்பாத் தெரியுது. உக்காரு. வந்தது வந்துட்ட, பாத்துடறேன்."

"வேணாங்க, நான் பேசத்தான்..."

"காசைப் பத்திக் கவலைப்படாதே கண்ணு. உங்கிட்ட நான் வாங்குவேனா? ஆ காட்டு."

அம்மாவின் கட்டளை காதில் கேட்டது. ஆ காட்டினாள். ஊசி இறங்கியது. வாய் நிறையப் பஞ்சும் குழாயும் கண்ணாடியும். பல் டாக்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, வாயை அடைத்த பிறகுதான் கேள்வி கேட்பார்கள். டாக்டரம்மாவும் கேட்டார். "சொல்லு, டிரெஸ்ஸுக்கு என்ன?"

"ஆ... ஊ... ஆகா..."

"அழகா இருக்கா? இருக்காதா பின்னே! தையற்காரர் ஒவ்வொரு மணியையும் கையாலேயே தச்சாராம். உன் பொண்ணு முன்னால நடந்து வந்தா எப்படி இருக்கும்! உங்க அம்மா இருந்து பாத்திருக்கணும்."

ஈட்டி மாதிரி விளக்கு கண்ணுக்குள் இறங்கியது. ஓரமாக ஒரு துளி கண்ணீர் காதுக்குள் ஓடியது. "வலிக்குதா? இதோ முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா. முடிந்து எழுந்தபோது பாதி முகம் மரத்திருந்தது. வாயைத் திறந்தால் எச்சில்தான் வழிந்தது, சொல் வரவில்லை. "ரெண்டு மணி நேரம் பேசாதே" என்று கன்னத்தைத் தட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாற்பதை நெருங்குகிறவள். ஊரையே சுமந்து ஓட்டுகிறவள். 'ஆ காட்டு' என்றால் காட்டுகிறாள், 'பேசாதே' என்றால் வாயை மூடிக்கொண்டு படியிறங்குகிறாள். தெருவில் நடக்கும்போது மரத்த உதட்டைக் கடித்தாள். வலிக்கவில்லை. ரத்தம் மட்டும் வந்தது.

நாக்கு திரும்பி வந்ததும் வீட்டில் சொன்னாள். மகள் கண்ணாடி முன்னால் அந்த உடுப்பைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது எங்க ஊர் டிரெஸ் இல்ல."

"பின்ன யாரோடது?" என்றாள் மகள், சுற்றுவதை நிறுத்தாமல்.

"யாரோடதும் இல்ல. நாடகத்துல ராணிக்குப் பின்னால விசிறியோட நிக்கற ரெண்டாவது பொண்ணோடது."

மணிச் சத்தம் நின்றது. புருஷன் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு வசனமாவது உண்டா?" என்றார். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"இருந்திருக்காது."

"நீ பொய் சொல்ற" என்றாள் மகள். "ஒவ்வொரு மணியும் ஒரு அருவி. நான் கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். எங்க அம்மா ஊர்ல அருவி இருக்குன்னு படம் கூட வரைஞ்சிருக்கேன்."

"அங்க அருவி இல்லடி."

"இல்லேன்னா ஏன் வருஷா வருஷம் போட்டுக்கிட்டு நின்ன? அவங்க அருவின்னு சொல்லும்போது சிரிச்சியே! நான் பாத்தேனே!"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஒரு பல்வலியும், ஒரு அம்மாவும், ஒரு கட்டளையும் அந்தப் பதிலில் இருந்தன. பன்னிரண்டு வயசுக்காரியிடம் அதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது? அதற்குள் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நான் இதைத்தான் போட்டுக்கிட்டு நடப்பேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடவே மணி.

வரவேற்பு நாள் காலையில் ஏழாம் நம்பரக்கா பஸ்ஸைக் கட்டடத்தின் வாசலில் நிறுத்தினாள். குழுவினர் முந்தின நாளே வண்டிக்குக் காகிதப் பூச் சுற்றியிருந்தார்கள். முதலில் மாடிவீட்டுக்காரி ஏறினாள். சலவைக்கூடத்துக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டை. பின்னால் அவள் புருஷன், சாதாரணச் சட்டை, கால்சட்டை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. வெல்வெட்டெல்லாம் கையிலிருந்த பைகளில்.

"மேல எல்லார்கிட்டயும் பேசிட்டேன்" என்றாள் மாடிவீட்டுக்காரி. "உனக்குத் திட்டு விழுமா?"

"உக்காரு" என்றாள் அக்கா. அவள் யூனிஃபார்மைக் கழற்றுவதாக இல்லை.

கடைசியாக மகள் வந்தாள். முழு அலங்காரம். அம்மாவைப் பார்க்காமல் நேரே போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து மணி ஒலித்தது. பெரிய ஆஸ்பத்திரி தாண்டும்போது அக்கா கண்ணாடியில் பார்த்தாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மண்டப வாசலில் வரிசைகள் தயார். மருந்துக்கடைக்காரர், டீச்சர், தொகுப்பாளர், பஸ்ஸில் தினம் ஏறுகிற முகங்கள், அவள் புருஷன். முகப்பில் பூங்கொத்தோடு டாக்டரம்மா. பஸ் நின்றது. கதவு திறந்தது.

மாடிவீட்டுக்காரி இறங்கினாள். கை தட்டல் ஆரம்பித்து, பாதியில் தடுமாறி நின்றது. அவள் பின்னால் கிரேன்காரன், அவன் பின்னால் ஒரு கிழவர், கைக்குழந்தையோடு ஒருத்தி. நீலச் சட்டையையும் தேய்ந்த செருப்பையும் பார்த்து, யாரோ வேலைக்கு வந்த ஆட்கள் என்று நினைத்து வரிசை விலகி வழி விட்டது. "கொஞ்சம் சீக்கிரம் போங்கப்பா, விருந்தாளிங்க எறங்கணும்" என்றார் ஒருவர். "பந்திக்கு ஆள் வேணும்னாங்களே, பின்பக்கமாப் போங்க" என்றார் இன்னொருவர். சண்டையில் வீட்டை இழந்து, கடலையும் முள்வேலியையும் தாண்டி வந்தவர்கள், தங்களை வரவேற்க நின்ற இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு கை தட்டலும் இல்லாமல் நடந்தார்கள். எல்லார் கண்களும் அவர்கள் தலைக்கு மேலாக பஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"விருந்தாளிங்க எங்கே?" என்று டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

அப்போது மகள் இறங்கினாள். சிவப்பு வெல்வெட், கண்ணாடி, மணி, கூம்புத் தொப்பி. கை தட்டல் மடை திறந்தது போலப் பொங்கியது. பூ எறிந்தார்கள். தொகுப்பாளர் மைக்கை எடுத்துவிட்டார். "இதோ வந்துவிட்டார்கள்! நெடுந்தூரம் கடந்து நம்மைத் தேடி..."

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மண்டபம் ஐந்து ஸ்டாப்பிங்.

பஸ் ஹாரன் அடித்தது.

சின்னச் சத்தமில்லை. இத்தனை வருஷம் அடிக்காமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி, நிறுத்தாமல், மூச்சு விடாமல் அடித்தது. காகிதப் பூக்கள் அதிர்ந்தன. கைக்குழந்தை வீறிட்டது. கை தட்டல் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தது. தொகுப்பாளரின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. எல்லாரும் திரும்பி டிரைவர் சீட்டைப் பார்த்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். இறங்கி வந்தாள்.

"வந்தவங்க அவங்க" என்று மண்டபப் படியில் முழித்துக்கொண்டு நின்றவர்களைக் காட்டினாள். "பந்திக்கு ஆள்னு சொல்லி அனுப்பினீங்களே, அவங்கதான். இவ எம் பொண்ணு. இதோ நின்னு கை தட்டறாரே, அவருக்குப் பொறந்தவ. நீங்க தினமும் பாக்கற பொண்ணு. தொப்பி வச்சா அடையாளம் தெரியலையா? என்னையும் அப்படித்தானே அடையாளம் தெரியாம இருந்தது உங்களுக்கு, பதினெட்டு வருஷமா?"

புருஷன் தட்டுவதற்குத் தூக்கியிருந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?" டாக்டரம்மா முன்னால் வந்தார். "ஏன் யாரும் அவங்க டிரெஸ்ல வரல?"

"அவங்க டிரெஸ்லதான் வந்திருக்காங்க. இது உங்க டிரெஸ். உங்க நாடகப் பெட்டியில கெடந்தது. எங்க ஊர்ல இப்படி ஒரு டிரெஸ் கெடையாது. அருவியும் கெடையாது."

தொகுப்பாளர் மைக்கை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்றார் டாக்டரம்மா. நிஜமாகவே மனசு நொந்துபோயிருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு. நான் என்ன கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

"கேட்டீங்க. மொத நாள் கேட்டீங்க. சைஸ் என்னன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் ஊர் பிடிச்சிருக்கான்னு கேட்டீங்க. போன வாரம் சொல்ல வந்தேன். வாயில பஞ்சை வச்சுட்டுக் கேட்டீங்க."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கினார்கள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல மனசெல்லாம் திரும்பி வந்த முகத்தோடு, "சரி, தப்பு நடந்துபோச்சு. உங்க நிஜமான டிரெஸ் எப்படி இருக்கும்னு சொல்லு. அடுத்த வருஷம் எல்லாருக்கும் அதையே தச்சுடலாம்" என்றார்.

அக்கா அவர் கையைப் பார்த்தாள். வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்குகிற கை அது. அடிக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. திரும்பி நடந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மெல்ல மெல்ல எல்லாரும் உள்ளே போனார்கள். மாடிவீட்டுக்காரியை மருந்துக்கடைக்காரர்தான் கூட்டிப்போனார். கூச்சத்தில் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, "வாங்க, முன்னால வாங்க" என்று. மைக்கில் வரவேற்புரை ஆரம்பமாயிற்று. எப்படி இருந்தாலும் வரவேற்புரை நிற்காது.

படியில் மணிச் சத்தம். மகள் ஏறி வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றாள். தொப்பி கையில் நசுங்கியிருந்தது. முகம் சிவந்திருந்தது.

"எல்லாரும் என்னை மட்டும் பாத்தாங்க" என்றாள். "அந்தத் தாத்தாவ ஒருத்தர் தோளைப் பிடிச்சு ஓரமாத் தள்ளினாரு. எனக்காக."

"பாத்தேன்."

பிறகு மகள், "நீ வந்தப்போ என்ன போட்டிருந்த?" என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. புருஷன் கூட.

"ஒரு ஸ்வெட்டர். பச்சை. உங்க மாமாவோடது. குளிருமேன்னு கழட்டிக் கொடுத்தான். கை நீளமா இருக்கும், மடிச்சு விட்டுக்குவேன். இங்க ஒரு இழை பிரிஞ்சிருக்கும்" என்று தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமாவா? எனக்கு மாமா இருக்காரா?"

"இருந்தான். இருக்கானான்னு தெரியல."

"அந்த ஸ்வெட்டர் எங்க?"

"அந்த மேடைக்குப் பின்னால கழட்டச் சொன்னாங்க. இந்த டிரெஸ்ஸ மாட்டறதுக்காக. நான் பாத்துக்கறேன்னு வாங்கிக்கிட்டாங்க."

"யாரு?"

அக்கா மண்டப வாசலைப் பார்த்தாள். மைக்கில் டாக்டரம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ திருப்பிக் கேக்கலையா?"

"கேட்டேன். புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுத்தாங்க."

மகள் அவளையே பார்த்தாள். கீழுதடு முன்னால் துருத்திக்கொண்டு வந்தது. எல்லையில் நின்றபோது அண்ணனுக்கும் அப்படித்தான் துருத்திக்கொண்டது. நசுங்கிய தொப்பியை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

"எங்கடி போற?"

"கேக்கப் போறேன்."

மணிகள் மண்டபப் படிகளில் ஏறின. வாசலைக் கடந்தன. நாற்காலிகளுக்கு நடுவே, ஓடாமல், ஒரே சீராக மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மைக்கில் 'நம் இல்லம் தேடி வந்த' என்று தொடங்கிய வாக்கியம் நடுவிலேயே நின்றது.

ஏழாம் நம்பரக்கா என்ஜினை அணைத்தாள். பஸ் கதவை மூடவில்லை.